பக்கத்து வீட்டார் சொன்னால் வழக்காகுமா?

திருப்பூரின் லைன் வீடுகளில் ஒரு பெண் அடி வாங்கினால், முதலில் தெரிவது பொதுச்சுவருக்கு மறுபக்கம் குடியிருப்பவருக்குத்தான். மறுநாள் வீங்கிய கையோடு பனியன் கம்பெனிக்கு வந்தால் பக்கத்து மெஷின் டெய்லருக்கும் சூப்பர்வைசருக்கும் தெரியும். பெற்றோர் தேனியிலோ ஒடிசாவிலோ இருப்பார்கள். சட்டமோ அந்தத் தொலைதூர உறவையே நம்பியிருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 498ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாகிவிட்டது. கணவரோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய, புகார் அந்தப் பெண்ணிடமிருந்தோ ரத்தம், திருமணம், தத்து வழி உறவினரிடமிருந்தோ வர வேண்டும். அப்படி யாருமே இல்லாதபோதுதான் அரசு அறிவித்த அலுவலர் தரலாம். பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆயுதத்தால் தாக்குவது, எலும்பு முறிப்பது போன்றவை வேறு குற்றங்கள். அவற்றுக்கு 112ஐ யாரும் அழைக்கலாம். அவளே வந்து சொல்லட்டும் என்பீர்களா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம். 77 சதவீதத்தினர் யாரிடமும் வாய் திறக்கவேயில்லை.

இந்தக் கட்டுப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. பெண்ணின் விருப்பத்தை மீறி அந்நியர் ஒருவர் அவள் கணவரைச் சிறைக்கு அனுப்பும் நிலை வரக்கூடாது. அதனால்தான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முக்கியமாகிறது. அதன் 4ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுகலாம், 181க்குப் பேசலாம். குடும்பம் உடையும், பொய்ப்புகார் பெருகும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. அவள் விரும்பினால்தான் அலுவலர் நீதிமன்றத்தில் மனு போடுவார்; கேட்பதும் பாதுகாப்பு, குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம் போன்றவைதான். வேலை பார்க்கும் ஊரிலேயே, அதாவது திருப்பூரிலேயே, மனு செய்யலாம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு விசாரணை நாளும் கூலி போன நாள் என்பதால் இது சின்ன சலுகை அல்ல.

ஸ்டேஷனுக்கே போனாலும் "பேசி முடிச்சுக்கோங்கம்மா" என்று எழுதி வாங்கி அனுப்புவதோடு காவலரின் கடமை முடிவதில்லை. பாதுகாப்பு அலுவலர், இலவசச் சட்ட உதவி, குற்றப்புகார் உரிமை மூன்றையும் அவர் எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதே 2005 சட்டத்தின் 5ஆம் பிரிவு. குடும்பத் தகராறில் முதற்கட்ட விசாரணை நடத்த 2013 லலிதா குமாரி தீர்ப்பு இடம் தருவதால், உடனே எஃப்ஐஆர் போடாதது எப்போதும் தவறாகிவிடாது. ஆனாலும் சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் வெளியே வரக்கூடாது. புகார் கொடுத்ததற்குப் பின்னாளில் கையில் இருக்கும் சான்று அதுதான். குற்றம் நடந்தது வேறு ஊர் என்று திருப்பி அனுப்பவும் முடியாது, ஜீரோ எஃப்ஐஆர் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பதிய மறுத்தால் எழுத்தில் கமிஷனருக்கோ எஸ்பிக்கோ, பிறகு மாஜிஸ்திரேட்டுக்கோ போகலாம். 2005 சட்டப்படி நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு ஒன்று கைக்கு வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது: கணவர் அதை மீறுவது ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.