சட்டைக்குள் ஒரு குளிர்பெட்டி

1838-இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர், பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். சொட்டு உறைந்தது. மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டார், உருகியது. கம்ப்ரஸர் இல்லை, வாயு இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்த விளைவைக் கண்டவர் பெல்டியர், கடிகாரத் தொழிலை விட்டு ஆராய்ச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்.

காரில் வைக்கும் சிறு குளிர்பெட்டி இப்படித்தான் இயங்குகிறது. அதைச் சட்டைக்குள் வைத்துத் தைக்க வேண்டியதுதானே? வெப்பம் எங்கும் காணாமல் போவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு பக்கம் சில்லிட்டால் மறுபக்கம் சுடும். செலவாகும் மின்சாரமும் சூடாகி அங்கேயே சேரும். அதை உடனே வெளியேற்றாவிட்டால் குளிரூட்டும் தகட்டின் வழியே தோலுக்கே திரும்பிவிடும். 2020-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் ரியான் பாக்கெட், பின்கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி. சூட்டை வெளியேற்ற அதற்குள்ளும் ஒரு குட்டி விசிறி இருக்கிறது.

விசிறியே வேண்டாம் என்று 2019-இல் காட்டியது, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரென்குன் சென் நடத்தும் ஆய்வுக்குழு. அவர்கள் செய்த ஒட்டில், இழுத்தால் நீளும் இரண்டு ரப்பர் தாள்கள். நடுவே பிஸ்மத் டெலூரைடு என்ற குறைகடத்தியில் செய்த குட்டிக் குட்டித் தூண்கள், அவற்றை இணைக்கும் செப்புப் பட்டைகள். தூண்களுக்கு இடையில் வெறும் காற்று. அந்தக் காற்றுதான் சூட்டைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. ரப்பர் சாதாரணமாக வெப்பத்தைக் கடத்தாது என்பதால் அதில் அலுமினியம் நைட்ரைடு தூளைக் கலந்தார்கள். கடினமான தூண்கள் வளைவதில்லை, வளைவதெல்லாம் தாள்களே. கையில் கட்டிப் பார்த்தபோது, சுற்றுவெப்பம் 22 முதல் 36 டிகிரி வரை மாறியும் தோல் 32 டிகிரியில் நின்றது.

முழு மேலங்கிக்கு இப்படி 144 ஒட்டுகள் வேண்டும், சாதாரண வெயில் நாளில் 26 வாட் போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஒரு அறை முழுக்கக் குளிரூட்டுவதோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனால் இன்றைய பிஎல்டிசி மின்விசிறி கிட்டத்தட்ட அதே மின்சாரத்தில் வீட்டில் நாலு பேருக்குக் காற்று வீசுகிறதே!

வியர்வையையும் மறக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு கிராம் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 40 வாட் வெப்பம் வெளியேறுகிறது, காசு செலவில்லாமல். தோலை ரப்பரால் மூடினால் அந்த வழி அடைபடும். வறண்ட காற்றில் இது நஷ்ட வியாபாரம். வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும் கடலோரப் புழுக்கத்தில் இழக்க அதிகம் இல்லை. இந்த ஒட்டுக்கு ஏற்ற இடம் அதுதான் என்று தோன்றுகிறது.