வங்கி போனது, கட்டடம் நிற்கிறது

நியூசிலாந்தின் நியூ லின் புறநகரில் ரயிலேறி ஆக்லாந்து நகர மையத்தில் இறங்குபவர்கள், பழைய தலைமை அஞ்சலகத்தின் வழியாக வெளியே வரலாம். 1912-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், 2003-இல் பிரிட்டோமார்ட் என்ற பெயரில் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் வாசலாக இருக்கிறது. எதிரே உள்ள குவீன் வீதியில் நடந்தால், பழைய வங்கிகள் என்ன ஆயின என்பதையும் காணலாம்.

சிறுசேமிப்பாளர்களுக்காக 1847-இல் தொடங்கப்பட்டது ஆக்லாந்து சேமிப்பு வங்கி. 1884-இல் குவீன் வீதியில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. வடிவமைத்தவர் எட்வர்ட் பார்ட்லி. கட்டடத்தின் கம்பீரத்தைப் பார்த்தே மக்கள் வங்கியை நம்பிய காலம் அது. அதனால்தான் அலங்கார முகப்பும் உயர்ந்த கூடமும். வங்கி வேறிடம் போன பிறகு, அதே கூடத்தில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் நடந்தது. பணம் கட்ட வரிசையில் நின்ற இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பார்ட்லியின் இன்னொரு கட்டடத்தின் கதை இதற்கு நேர்மாறானது. பிரின்சஸ் வீதியில் அவர் வடிவமைத்து 1885-இல் எழுந்த யூதர்களின் ஜெப ஆலயம், வழிபாடு வேறிடத்துக்கு மாறியபின் பூட்டிக் கிடந்தது. 1980-களின் இறுதியில் புதுப்பிக்கப்பட்டு வங்கிக் கிளையானது. இன்று அது ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் அலுவலகம்.

எல்லாக் கட்டடங்களுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. குவீன் வீதியிலேயே, 1860-களில் கட்டிய பாங்க் ஆஃப் நியூசிலாந்து கட்டடத்தில் முகப்பை மட்டும் விட்டுவைத்து, பின்னால் இருந்த அனைத்தையும் 1980-களில் இடித்துவிட்டார்கள். வீதியில் நிற்பவருக்கு அது பழைய வங்கி; உள்ளே நுழைந்தால் பழமையின் சுவடே இல்லை. முகத்தை மட்டும் காப்பது கட்டடத்தைக் காப்பது ஆகாது.

நமக்கும் ஒரு பழைய வங்கிக் கட்டடம் உண்டு. சென்னை ராஜாஜி சாலையில் ஹென்றி இர்வின் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டிய மெட்ராஸ் வங்கிக் கட்டடம் 1897-இல் எழுந்தது. அந்த வங்கி 1921-இல் இம்பீரியல் வங்கியில் இணைந்து, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியானது. 2014 ஜூலையில் பிடித்த தீ கட்டடத்தின் உட்புறத்தைப் பெரிதும் பாழாக்கியது.

தீ எந்தக் கட்டடத்திலும் பிடிக்கலாம். ஆனால் பூட்டிய கட்டடத்தில் கூரை ஒழுகினாலும் கவனிக்க ஆளிருக்காது. நாலு பேர் புழங்கும் கட்டடத்தில் மறுநாளே பழுது பார்ப்பார்கள். ஆகவே உங்கள் ஊரில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்கப் பேச்சு எழுந்தால், அதன் வயதைச் சொல்லி வாதாடுவதோடு நிறுத்தாதீர்கள். அதற்குள் நாளை என்ன நடக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.