பழைய கணிப்பொறியின் மந்தம்: காரணமும் பரிகாரமும்

வீட்டிலோ பள்ளியிலோ ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த கணிப்பொறி நாளடைவில் மந்தமாவது பலரும் கண்டறிந்த அனுபவமாகும். கிராமப் பணியாளர் தம் கணக்குகளைப் பதியவும், ஆசிரியர் பாடப் படங்களைத் திறக்கவும் பல நிமிடம் காத்திருக்க நேரிடுகிறது. யந்திரத்துக்கு மூப்பு வந்துவிட்டது என்று கருதி, அதனை மூலையில் ஒதுக்கிப் புதியதற்குப் பணம் தேடுவோர் பலர்.

உண்மையில், மையச் செயலகம் என்னும் கணக்கிடும் உறுப்பு ஆண்டுகள் கழிவதால் வேகம் குறைவதில்லை. வாங்கிய நாளில் விநாடிக்கு எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியதோ, அளவுக்கு மீறிச் சூடேறாத வரையில், இன்றும் அத்தனையையே நிறைவேற்றும். மாறியவை இரண்டு: அதன்மீது ஏற்றப்படும் மென்பொருள்கள் பெருத்துவிட்டன, அச்சுமையால் ஏதேனும் ஓர் உறுப்பு ஏனையவற்றைக் காக்கவைக்கிறது. அவ்வுறுப்பு இன்னதென்று அறிந்தபின் செய்யும் செலவே பயன்தரும்.

தட்டும் நினைவகமும்

கோப்புகள் நிலையாகத் தங்குமிடம் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. பழைய கணிப்பொறிகளில் இது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வதாகும். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகரவேண்டும். பின்னர், வேண்டிய பகுதி சுழன்று தன்கீழ் வரும் வரை காத்திருக்கவேண்டும். 5,400 சுற்றுத் தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆகிறது. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பையும் முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், ஒரு தடவைக்கு 15 மில்லி விநாடி அளவு செலவாகும்.

ராம் எனப்படும் நினைவகமோ மில்லி விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே விடை தந்துவிடும். ஆகவே தட்டு ஏறத்தாழ 1,50,000 மடங்கு மந்தமானது. மேசைமீதுள்ள நூலை எடுக்க ஒரு விநாடி ஆகுமெனில், தட்டிலிருந்து எடுப்பது ஒன்றே முக்கால் நாள் நடந்து வெளியூர் நூலகத்திலிருந்து கொணர்வதற்கு ஒப்பாகும்.

நினைவகத்தில் இடம் போதாதபோது, அப்போதைக்கு வேண்டாத பகுதிகளை வேறொரு சேமிப்பகத்துக்கு மாற்றி வைக்கும் முறை 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணிப்பொறியில் செயலுக்கு வந்தது. இம்முறை இன்றும் வழங்குகிறது. ஆனால் திறந்திருக்கும் பணிகள் மிகுந்துவிட்டால், ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றுவதிலேயே யந்திரத்தின் காலம் கழிகிறது. இந்நிலையை 1968இல் பீட்டர் டென்னிங் ஆராய்ந்து விளக்கினார். உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்துவைத்த சிறு கணிப்பொறி, சுட்டியை அசைத்தாலும் அசையாது நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தாமதத்தைக் கண்டறிதல்

விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை தோன்றும். அதில் ஒவ்வோர் உறுப்பும் தன் திறனில் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்பது காட்டப்படும்.

நினைவகம் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பித் தட்டும் ஓயாது உழைத்தால், நினைவகமே குறை. நினைவகத்தில் இடமிருந்தும் தட்டு மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், தட்டே தடை. செயலகம் இடைவிடாது உச்சத்தில் இருப்பின், எந்த மென்பொருள் அதனை விழுங்குகிறது எனக் காணவேண்டும். விசிறி இரைந்து, உடல் சுட்டு, செயலகத்தின் வேகம் தானே இறங்கினால், தூசியும் வெப்பமும் காரணமாகலாம்.

இச்சோதனையின் பயனை 1967இல் ஜீன் அம்தால் எடுத்துரைத்த விதி தெளிவாக்கும். ஒரு கணிப்பொறி தொடங்க 100 விநாடி ஆகிறது என்றும், அதில் 80 விநாடி தட்டுக்காகக் காத்திருப்பதே என்றும் கொள்க. இருமடங்கு வேகமுள்ள செயலகத்தைப் பொருத்தினாலும் 10 விநாடியே மிச்சமாகும். பத்து மடங்கு வேகமுள்ள தட்டைப் பொருத்தினாலோ 28 விநாடியில் வேலை முடிந்துவிடும்.

பரிகாரங்கள்

செலவில்லாதவற்றை முதலில் செய்தல் நலம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், கணிப்பொறி தொடங்கும்போதே தாமாக எழும் மென்பொருள்களில் வேண்டாதவற்றை நிறுத்தலாம். பயனற்ற மென்பொருள்களை நீக்கி, தட்டில் ஐந்தில் ஒரு பங்கேனும் இடம் விடவேண்டும். கணிப்பொறியை அணைப்பதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதும் உதவும். வேகம் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை ஏற்றுதல் கூடாது. அவையே புதுச் சுமையாகும்.

அடுத்தது தூசி நீக்கல். மின்னிணைப்பை அறவே துண்டித்து, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த காற்றால் ஊதவேண்டும்.

நினைவகம் கூட்டுமுன் பலகை ஏற்கும் வகையை அறியவேண்டும். டி.டி.ஆர். 3 பொருந்துமிடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது. சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டைப் பொருத்துவது பழைய கணிப்பொறிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் பெரும்பாலும் சிறந்தது. அதில் சுழலும் பாகமே இல்லை. ஆகவே விடை ஒரு மில்லி விநாடிக்குள் கிட்டும். சாட்டா இணைப்புள்ள கணிப்பொறி பெரும்பாலும் இதனை ஏற்கும்.

எப்பணிக்கும் முன்னர், மாணவர் பதிவேடுகளையும் கணக்குகளையும் வேறொரு தட்டில் படியெடுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. தட்டிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஒலி எழுந்தால், அது மந்தமன்று, அழிவின் அறிகுறி. அந்நிலையில் பதிவுகளைக் காப்பதே முதல் வேலை.

மென்பொருளைத் தேர்தல்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பைக் கோருவதால், பல பழைய கணிப்பொறிகள் அதற்குத் தகுதி பெறவில்லை. இத்தகையவற்றுக்கு லினக்ஸ் ஒரு நல்வழி. லினக்ஸ் மிண்ட் 2 ஜி.பி. நினைவகத்திலும் இயங்கும், 4 ஜி.பி. இருப்பின் வசதி. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணிப்பொறிக் கல்வி நடத்திவருகின்றன. ஆயினும், அலுவலக மென்பொருளும் அச்சுப்பொறியும் அதில் இயங்குமா என்று முன்னரே சோதித்துக்கொள்ளவேண்டும்.

தாய்ப்பலகையே பழுதாகி, மாற்று உறுப்பும் கிடைக்காத கணிப்பொறிக்குச் செலவிடுவது வீண். அதனைப் பழைய இரும்போடு போடாது, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

ஏனைய கணிப்பொறிகளில் இவ்வேலையைப் பள்ளியிலேயே ஓர் அறிவியல் பயிற்சியாக நடத்தலாம். விசையைத் தட்டியது முதல் பாடம் திறக்கும் வரை ஆகும் விநாடிகளை மாணவர் குறிக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து மீண்டும் அளக்கட்டும். எந்த மாற்றம் எத்தனை விநாடி மிச்சப்படுத்தியது என்பதை அவர்களுடைய ஏடே காட்டிவிடும். புதிய கணிப்பொறி தேவையா என்பதையும் அவ்வேட்டைக் கொண்டே முடிவு செய்யலாம்.