துளை சிறிது, துயர் பெரிது

பொதட்டூர்பேட்டையில் தறி நெய்து வாழும் குடும்பங்களிடம் படகைப் பற்றிப் பேசினால், "எங்களுக்கும் படகுக்கும் என்ன உறவு?" என்று கேட்கக்கூடும். ஆயினும் அவ்வட்டாரத்து மழைநீரைச் சுமந்து வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூர் அருகே கடலைத்தான் சேருகிறது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கீழ்க்கோடியில், பழவேற்காடு ஏரியையும் வங்கக் கடலையும் நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி உடனே முடிச்சிடுகிறார். படகில் ஓர் ஆணி தளர்ந்தால் மீனவரும் அவ்வாறே செய்தல் வேண்டும். தவறினால் நெசவாளர் இழப்பது ஒரு முழம் துணி. மீனவர் இழப்பது உயிராகவும் இருக்கலாம்.

முன்னோர் கண்ட வழிகள்

நம் கடற்கரையின் கட்டுமரத்திற்கு ஓட்டை என்பதே இல்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டியதாதலால் நீர் மேலேறும், வழிந்தும் விடும். மசூலா படகோ வேறு வகை. ஆணியே இன்றி, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளில் வைக்கோல் போன்றவற்றைத் திணித்துச் செய்தனர். அலை மோதும்போது அது உடையாமல் வளைந்து கொடுத்தது. சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கப்பலில் வந்தோரைக் கரை சேர்த்தவை இப்படகுகளே. தையல் வழியே நீர் கசிவதை அறிந்தே, அதை இறைத்துக் கொட்டவும் ஆள் வைத்திருந்தனர்.

குமரி மாவட்டத்து முட்டத்தில், 1980-களில், பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லே என்பவர் ஒட்டுப்பலகைப் படகுகளை நம் மீனவரிடையே பரப்ப உழைத்தார். சிறு படகுத் தொழில்நுட்பத்தை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் உள்ள இடர்களை 1985-இல் நூலாகவும் எழுதினார். பின்னர் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடி இழைப் படகுகள் நம் கரைகளில் பெருகின.

அலுமினியப் படகு நம் நாட்டில் இன்னும் அரிதே. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் ஏரிகளில் அது சர்வ சாதாரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் விமானங்கள் செய்துவந்த கிரம்மன் நிறுவனம் அதே முறையில் தகடுகளை ரிவெட் அடித்து அலுமினியத் தோணிகளைச் செய்யத் தொடங்கியது. இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள உலோகமாதலால், சிறு படகை இருவரே தூக்கிவிடலாம். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுள் எவரேனும் பழைய படகொன்றை மலிவாக வாங்க எண்ணினால், கீழ்வருவன அவர்களுக்குப் பயன்படும்.

ஏன் ஒழுகுகிறது?

அலுமினியம் துருப்பிடிக்காது என்பர். அது பாதி உண்மையே. செம்பு, பித்தளை முதலியன அதனைத் தொட்டிருக்க, இடையே உப்புநீரும் சேர்ந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடுகிறது. அதில் கரைந்து அழிவது அலுமினியமே. படகின் அடியில் விழுந்து கிடக்கும் ஒரு செப்புக் காசு கூடத் தகட்டை அரித்துவிடும். செம்பு கலந்த அடிப்பூச்சும், செம்பு மருந்து ஏற்றிய மரப்பலகையும் அவ்வாறே கேடு செய்யும். ஈரம் ஊறிய மெத்தை அல்லது விரிப்பின் கீழும் அரிப்பு மறைந்திருக்கும். இவையன்றி, அலையின் அதிர்ச்சியால் ரிவெட்டுகள் தளர்வதும், வளைவுகளில் மயிரிழை விரிசல் விழுவதும் உண்டு.

இவை அற்பமென்று எண்ணலாகாது. நீர்மட்டத்திற்கு ஓரடி கீழே 2 மில்லிமீட்டர் துளை ஒன்றிருந்தால், மணிக்கு ஏறத்தாழ 16 லிட்டர் நீர் புகும். ஆறு மணி நேரத்தில் படகு சுமக்கும் கூடுதல் எடை ஒரு குவிண்டால். துளை ஒரு சென்டிமீட்டராயின் ஒரு மணி நேரத்திலேயே 400 லிட்டர். மேலும், உள்ளே புகுந்த நீர் ஓரிடத்தில் நில்லாது. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, அதனை மேலும் சாய்த்துக் கவிழ்க்கும்.

கண்டுபிடிப்பது எங்ஙனம்?

படகை நீரில் விட்டுத் தேடுவதைவிட, நீரைப் படகில் விட்டுத் தேடுவதே எளிது. கரையில் பலமான தாங்கிகளின்மேல் பல இடங்களில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, வெளிப்புறத்தை நன்கு துடைத்து உலர்த்துக. பின் உள்ளே நான்கைந்து அங்குலம் மட்டும் நீர் ஊற்றுக. நீரின் எடை பெரிதாதலால் மிகுதியாக நிரப்பலாகாது. வெளியே துளிர்க்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. பென்சில் வேண்டா. அதிலுள்ள கரியும் அலுமினியத்தை அரிக்கும்.

அடைப்பது எங்ஙனம்?

தளர்ந்த ரிவெட்டை இருவராகச் சேர்ந்து இறுக்கலாம். ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை வெளித்தலையோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்வாலைச் சுத்தியால் மெல்லத் தட்டவேண்டும். ஆணி தேய்ந்திருந்தால் துளையிட்டு நீக்கி, சற்றுப் பருத்த அலுமினிய ரிவெட்டை, படகுகளுக்கென விற்கும் அடைப்புப் பசையில் தோய்த்து அடிக்கலாம்.

விரிசலாயின் அதன் இரு முனைகளிலும் சிறு துளையிடுக. இல்லையேல் விரிசல் மேலும் ஓடும். பின் அதே வகை அலுமினியத் தகட்டை ஒட்டாக வெட்டி, முனைகளை மழுக்கி, இடையே பசையிட்டு ரிவெட் அடிக்கவேண்டும். எபாக்சி பூசுவதாயின், எஃகு நார்ப் பிரஷ்ஷால் நன்கு தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, அன்றே பூசுக. முன்பு இரும்பைத் தேய்த்த பிரஷ் உதவாது. சிலிக்கான் பசையைப் பூசிவிட்டால், பின்னர் பெயிண்டும் ஒட்டாது, பற்றவைப்பும் பிடிக்காது.

பற்றவைப்பு தேர்ந்தவர்க்கே உரியது. அலுமினியம் 660 பாகை வெப்பத்தில் உருகும். அதன்மேல் படர்ந்துள்ள ஆக்சைடு தோலோ 2,000 பாகைக்கும் மேலேதான் உருகும். ஆகையால் தோலை நீக்காது சூடேற்றினால், தோல் நிற்க உள்ளே தகடு ஓட்டையாகிவிடும். ஆர்கன் வாயுவைக் கொண்டு பற்றவைக்கும் பட்டறையையே நாடுக. எரிபொருள் தொட்டியையும் உள்ளிருக்கும் நுரைப்பஞ்சையும் முன்னரே அகற்றாவிடில் தீ விபத்து நேரும்.

வாங்குமுன் ஒரு சொல்

நகையை அடகு வைத்துப் பழைய படகு வாங்குவோர் எக்கரையிலும் உண்டு. மரமோ, இழையோ, அலுமினியமோ, பணம் கொடுக்குமுன் நீர் ஊற்றிப் பார்க்கும் சோதனையை வற்புறுத்துங்கள். விற்பவர் நேர்மையானவராயின் தடுக்கமாட்டார். அடைத்தபின்னும் அதே சோதனையை மறுமுறை செய்து, ஒரு துளியும் கசியாமை கண்டபின்னரே படகை இறக்குங்கள். அப்போதும் ஓர் இறைவாளியும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் படகில் இருக்கட்டும். கடலுக்குச் சென்றவர் கரை சேரும்வரை அவர் வீட்டில் எவரும் நிம்மதியாய் உறங்குவதில்லை. அந்த உறக்கத்திற்காகவேனும் அரைநாள் செலவிட்டுத் துளையை அடைப்போமாக.