ஹால் நல்லா கேட்குதுன்னு எந்த நம்பர் சொல்லும்?

1895. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல புதுசா கட்டின லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் புரியலை. ஒரு வார்த்தை அஞ்சரை செகண்ட் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள அடுத்த பத்து வார்த்தை அது மேல ஏறிடும். சரிபண்ணுற வேலை ஃபிசிக்ஸ் வாத்தியார் வாலஸ் சபைன் கிட்ட வந்தது. வயசு 27. கையில இருந்தது ஒரு ஆர்கன் பைப், டைம் எடுக்க ஒரு கருவி, அவரோட காது. அவ்வளவுதான்.

ராத்திரி ஊர் அடங்கினதும் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரோட சீட் மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து ஹால்ல பரப்புவாங்க. பைப்பை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் காதுக்குக் கேட்காமப் போற வரைக்கும் டைம் எடுப்பார். இன்னும் சில மெத்தை, மறுபடி டைம். விடியறதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பி வைக்கணும். தான் போட்டிருக்கிற துணியும் சத்தத்தை உறிஞ்சுதுன்னு தெரிஞ்சதும், பழைய ரீடிங்கையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, தினமும் ஒரே டிரெஸ்ல வந்து அளந்தார். டெஸ்டிங் பண்றவங்களுக்கு இந்த வலி புரியும்.

கிடைச்ச ஃபார்முலா சிம்பிள். ஹாலோட கன அளவை 0.161-ஆல பெருக்கி, சத்தத்தை உறிஞ்சுற மொத்தப் பரப்பால வகுத்தா (எல்லாம் மீட்டர் கணக்கு) ரிவர்ப் டைம், அதாவது சத்தம் 60 டெசிபல் குறைய ஆகிற செகண்ட். உறிஞ்சுறதுல பெரிய பங்கு ஆடியன்ஸோடது. பேச்சுக்கு ஒரு செகண்ட் பக்கம் போதும், சிம்பொனிக்கு ரெண்டு பக்கம் வேணும். 1900-ல திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் சபைன் கணக்கை வச்சுக் கட்டினதுதான். இன்னைக்கும் அதுக்கு மவுசு குறையலை.

ஆனா இந்த ஒரு நம்பர் பத்தாது. 1962-ல நியூயார்க்ல ஃபில்ஹார்மானிக் ஹால் திறந்தாங்க. ஆலோசகர் லியோ பெரானெக், உலகம் முழுக்க ஹால்களை ஆராய்ஞ்சவர். பிளான்ல இருந்ததைவிட சீட் கூடிச்சு, சுவரோட வடிவம் மாறிச்சு. திறந்ததுமே பேஸ் வரலைன்னு புகார். மேல தொங்கவிட்ட பலகைகள் ட்ரெபிளைத் திருப்பி அனுப்பிச்சு, பேஸை விட்டுடுச்சு.

இன்னொரு விஷயம் பின்னாடிதான் தெளிவாச்சு. முதல் 80 மில்லிசெகண்டுக்குள்ள பக்கச் சுவர்ல பட்டு வர்ற சத்தம் ரெண்டு காதுக்கும் வேற வேற மாதிரி போய்ச் சேருது. அப்பத்தான் இசை நம்மைச் சூழ்ந்த மாதிரி இருக்கும். ஒடுக்கமான செவ்வகமா இருக்கிற பாஸ்டன் ஹால்ல இது தானாவே கிடைக்குது. ரிவர்ப் டைம் மட்டும் பார்க்கிறது, சர்வரோட ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமை மட்டும் பார்த்துட்டு எல்லாம் ஓகேன்னு சொல்ற மாதிரி. அதனால இப்போ எந்தத் திசையில இருந்து எவ்வளவு வருதுங்கிறதையும் தனியா அளக்கறாங்க.

நியூயார்க் ஹாலை 1976-ல உள்ளே மொத்தமா இடிச்சுக் கட்டினாங்க. திருப்தி இல்லை. 2022-ல டேவிட் கெஃபன் ஹாலா மறுபடி திறந்தப்போ, 2,738 சீட்டை 2,200-ஆக் குறைச்சு, மேடையை முன்னாடி இழுத்துட்டாங்க.