எட்டில் ஒரு பங்கு குறைத்தால் போதும்

ஏகாதசி விரதம் தஞ்சைத் தரணிக்குப் புதிதல்ல. ஆனால், உண்பதைக் குறைத்தால் உடலில் அழற்சி தணியும் என்ற பேச்சு அண்மைக்காலத்தில்தான் பெருகியிருக்கிறது. நாளொன்றில் 16 மணி நேரம் உண்ணாமல் இருப்பவர்களையும் காண்கிறோம். இதில் ஆய்வுகள் உறுதிசெய்திருப்பது எவ்வளவு?

காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது உடலின் தற்காப்பு. அது சில நாள்களில் அடங்கிவிடும். வெளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியே தீங்கானது. வயிற்றுப் பகுதியில் சேரும் உபரிக் கொழுப்பு அதை வளர்க்கிறது. நீரிழிவும் இதய நோயும் அதனுடன் தொடர்புடையவை.

அமெரிக்காவில் நடைபெற்ற 'கேலரி' ஆய்வில் உடல் பருமன் இல்லாத 218 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினர் ஈராண்டுகளுக்கு உணவின் ஆற்றலை 25% குறைக்க வேண்டும் என்பது திட்டம். அவர்களால் இயன்றதோ சராசரியாக 12% மட்டுமே. அதாவது, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஆயினும், இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறியீடுகள் குறைந்தன என்பதை 2015-இல் வெளியான முடிவுகள் காட்டின.

உண்ணும் நேரத்தைச் சுருக்குவதால் கூடுதல் பலன் உண்டா? சீனாவின் குவாங்சௌ நகரில் உடல் பருமன் கொண்ட 139 பேரிடம் ஓராண்டு ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். இரு பிரிவினரும் உணவைக் குறைத்தனர். ஒரு பிரிவினர் காலை 8 முதல் மாலை 4 மணி வரை மட்டுமே உண்டனர். எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, நேரத்தைவிட அளவே முக்கியம் என்று கொள்ளலாம்.

காவிரிப் படுகையில் அளவு என்பது பெரும்பாலும் சோற்றின் அளவே. ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின்படி (2023) நீரிழிவு நாட்டில் 11.4%, தமிழ்நாட்டில் 14.4%. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் சிறுதானியமாக மாற்றுவதால் ஆபத்து குறைவதில்லை என்பது அதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டு முடிவு. அறுப்பு பெரும்பாலும் இயந்திரங்களுக்குப் போய்விட்டது. உழைப்பு குறைந்த வீடுகளில் சோறும் குறைவதே முறை.

ஆனால், இந்த அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் உணவைக் குறைக்கலாகாது. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் விரதம் இருக்கலாகாது.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்போ மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. காய்கறியைச் சந்தை விலைக்கே வாங்க வேண்டும். ஏழைக் குடும்பம் சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தைப் பசியே நிரப்பும். பருப்பின் அளவை அரசு உயர்த்தினால்தான் ஆய்வுகள் சொல்லும் நன்மை விவசாயத் தொழிலாளியின் தட்டுக்கும் வந்து சேரும்.