ஸ்ரீரங்கத்தில் ஓபன் ஆகும் வெப்சைட், தில்லைநகர் ஆபீஸில் மட்டும் ஏன் ஓபன் ஆகவில்லை?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். திருச்சி தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். கிளையன்ட்களின் ஃபைல்களைப் பார்க்க, ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரையே சர்வராக்கி வெப்சைட் ஓட்டுகிறார்கள். காலை பத்து மணிக்கு ஜூனியர் போன் போடுகிறார்: “சார், சைட் ஓபன் ஆகல.” ஸ்ரீரங்கத்தில் வீட்டில் இருக்கும் ஆடிட்டர் மொபைலில் தட்டிப் பார்க்கிறார். “எனக்கு ஓபன் ஆகுதே தம்பி!”

ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வருகிறது. சர்வருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு வரவில்லை.

என்ன நடக்கிறது?

உங்கள் ரவுட்டருக்கு இரண்டு முகம். வெளியே இணையத்துக்குக் காட்டுவது ஒரு பொது ஐபி முகவரி. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு 192.168 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்திருக்கும். இந்த வகை முகவரிகள் உள் நெட்வொர்க்குக்கு மட்டுமே என்று 1996-லேயே ஒதுக்கப்பட்டவை. வெளியே செல்லுபடி ஆகாது.

சைட்டின் பெயரை டைப் செய்தால் டிஎன்எஸ் தருவது அந்தப் பொது முகவரியை. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கோரிக்கை ரவுட்டரின் வாசலுக்கு வருகிறது, ரவுட்டர் அதை சர்வருக்கு அனுப்புகிறது. சுபம்.

ஜூனியருக்கும் அதே பொது முகவரிதான் கிடைக்கிறது. உத்திர வீதியில் இருப்பவர் சித்திரை வீதிக்குப் போக, ராஜகோபுரத்தைத் தாண்டி வெளியே போய்த் திரும்பவும் உள்ளே நுழைவது போன்ற பயணம் இது. வாசல் வரை போன கோரிக்கையை ரவுட்டர் அப்படியே உள்ளே திருப்பிவிட வேண்டும். இதற்குப் பெயரே ‘ஹேர்பின்’, நம்ம கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுதான். ரவுட்டர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று 2007, 2008-ல் வந்த இணையத் தர ஆவணங்கள் சொல்கின்றன. ஆனாலும் பல ரவுட்டர்கள் செய்வதில்லை.

சில ரவுட்டர்கள் அரைகுறையாகச் செய்யும், அது இன்னும் குழப்பம். கோரிக்கை சர்வருக்குப் போய்விடும். அனுப்பியவர் உள்ளேயே இருப்பதைப் பார்த்து, சர்வர் ரவுட்டரை விட்டுவிட்டு நேராக லேப்டாப்புக்குப் பதில் போடும். லேப்டாப்போ, ‘நான் கேட்டது வேறு முகவரியிடம், நீ யார்?’ என்று அதைத் தூக்கி எறிந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிறகு வைஃபைக்கு வந்து, சர்வரின் உள் முகவரியை (உதாரணமாக 192.168.1.10) நேரடியாக டைப் செய்யுங்கள். இரண்டிலும் வந்து, பெயரை அடித்தால் மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் ஹேர்பின் சிக்கல்தான். உள் முகவரியில் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். சான்றிதழ் பெயருக்குத்தான், எண்ணுக்கு அல்ல. சர்வர் பதில் சொல்கிறது என்பதே நமக்கு வேண்டிய தகவல்.

உள் முகவரியிலும் வரவில்லை என்றால், நீங்கள் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சர்வரின் உள் முகவரியே மாறியிருக்கலாம். ரவுட்டரில் அதை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள்.

தீர்வு?

ரவுட்டரில் ‘நாட் லூப்பேக்’ என்ற வசதி இருந்தால் ஆன் செய்து பாருங்கள். அதைவிடச் சுத்தமான வழி, ஆபீஸுக்குள் கேட்டால் அந்தப் பெயருக்கு உள் முகவரியைச் சொல்லும்படி டிஎன்எஸ்ஸை அமைப்பது. பெயர் மாறாததால் சான்றிதழ் எச்சரிக்கையும் வராது. லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி வைப்பது அவசரத்துக்கு உதவும். அதே லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே சைட் வராது.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு போனில் மட்டும் அடம்பிடிக்கிறதா? ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ இருக்கிறது. அதில் வேறு சேவையைக் கொடுத்திருந்தால், போன் ஆபீஸ் டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது.

உள்ளே வருகிறது, வெளியேதான் வரவில்லை என்றால்?

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது என்று அர்த்தம். ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. நிறுவனத்திடம் தனி முகவரி கேட்க வேண்டும்.

செய்யவே கூடாதது எது?

எதுவும் சரிவராத கடுப்பில் ஃபயர்வாலை அணைப்பது, ரவுட்டரில் ‘டிஎம்இசட்’டில் சர்வரைப் போடுவது. டிஎம்இசட் சர்வரின் எல்லாக் கதவுகளையும் இணையம் முழுவதற்கும் திறந்துவிடும். உள்ளே இருப்பதோ கிளையன்ட்களின் பான் விவரமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும். இதில் கொடுமை என்னவென்றால், ஹேர்பின் சிக்கல் இதனால் தீரவும் போவதில்லை. போன வாரம் யாராவது வந்து ‘ரிப்பேர்’ செய்துவிட்டுப் போயிருந்தால், இன்றைக்கே ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் போய் அந்த ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.